ஏர்ல் கிரே டீயும், நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடமும்



போன வாரம் மழை விட்ட ஒரு சாயங்காலம், பாலமலைப் பக்கம் மேகம் இறங்கி நின்றுகொண்டிருந்தது. லண்டனில் சட்டம் படிக்கும் என் பேத்தி விடுமுறைக்கு வந்திருக்கிறாள். பெட்டியைத் திறந்து இரண்டு டீ டப்பாக்களை எடுத்து வைத்தாள். ஒன்றில் "ஏர்ல் கிரே", இன்னொன்றில் "லேடி கிரே" என்று எழுதியிருந்தது. "அப்பிச்சி, நீங்க டீக்குப் பைத்தியம்னு அம்மா சொன்னாங்க. அதான் வாங்கிட்டு வந்தேன்" என்றாள்.

குன்னூரில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் தீபாவளிக்குக் கொடுத்த நீலகிரி இலையில் செய்த ஏர்ல் கிரேயும் அலமாரியில் இருந்தது. சரி, மூன்றையும் சேர்த்துக் குடித்துப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரம்மா சும்மா இருப்பாரா? "நம்ம கொல்லையில நார்த்தை மரம் நிக்குது. அதையும் ஒரு கை பாத்துடலாம்" என்று சாதாரண நீலகிரித் தூளில் நார்த்தங்காய்த் தோலைச் சீவிப் போட்டு நாலாவது டம்ளரைத் தயார் செய்துவிட்டார்.

டீ குடித்த கதையாக ஆரம்பித்தது, கடைசியில் எனக்கே ஒரு பரீட்சையாக முடிந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளம். வகுப்பில் தூங்கியவர்கள் இங்கேயும் தூங்கலாம், தடையில்லை.

முதலில் இந்த டீ என்னவென்று தெரியாதவர்களுக்காக. பெர்கமாட் என்பது எலுமிச்சை, நார்த்தை குடும்பத்துப் பழம். இத்தாலி நாட்டின் தென்கோடியில் கலாப்ரியா என்ற கடற்கரைப் பகுதியில்தான் பெரும்பாலும் விளைகிறது. பழத்தை அப்படியே தின்ன முடியாது, புளிப்பும் கசப்பும் அப்படி. அதன் தோலைப் பிழிந்து எடுக்கும் எண்ணெய்க்குத்தான் விலை. "கொலோன்" என்று நாம் சொல்லும் வாசனைத் தண்ணீரில் அது உண்டு. அந்த எண்ணெயைக் கறுப்புத் தேயிலையில் ஏற்றினால் ஏர்ல் கிரே.

இதில் புளிப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். டீயில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாலை ஊற்றினால் திரிந்துபோகும். பெர்கமாட் எண்ணெய் தோலின் வாசம் மட்டும்தான், அதனால் பால் திரியாது. இருந்தாலும் நாங்கள் வர டீயாகவே போட்டோம். பால் விட்டால் வாசம் பாதி அமுங்கிவிடும். ஒரு டம்ளருக்கு ஒரு தேக்கரண்டி இலை, கொதித்த தண்ணீர், மூன்று நிமிடம். நம் வழக்கப்படி அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் வாசமெல்லாம் ஆவியோடு போய்விடும்.

லண்டன் ஏர்ல் கிரே: மூடியைத் திறந்ததும் வாசம் திண்ணை வரைக்கும் வந்தது. குடித்தால் வாசம் முன்னால் ஓடுகிறது, டீ பின்னால் மெதுவாக வருகிறது. "நார்த்தங்கா பறிச்ச கையோட சென்ட்டு பூசிக்கிட்ட மாதிரி இருக்குதுங்க" என்றார் வீட்டுக்காரம்மா. இதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது.

லேடி கிரே: இதில் ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைத் தோலும் சேர்த்திருக்கிறார்கள். பெர்கமாட் வாசம் அடக்கம். வெயில் நேரத்துக்கு ஏற்றது. முதல்தடவை குடிப்பவர்கள் இதில் ஆரம்பிக்கலாம்.

குன்னூர் ஏர்ல் கிரே: இங்கே டீயும் வாசமும் கைகோத்து வருகின்றன. உயரமான இடத்தில் விளையும் நீலகிரி இலைக்கே ஒரு பூ வாசம் உண்டு. டிசம்பர், ஜனவரி பனிக்காலத்தில் கிள்ளும் இலைக்கு அது இன்னும் அதிகம். அதன் மேல் பெர்கமாட் அளவாக உட்கார்ந்திருந்தது. என் ஓட்டு இதற்குத்தான்.

நார்த்தந்தோல் டீ: வாசம் குறைவு, கடைசியில் நாக்கில் ஒரு கசப்பு. ஆனால் முதலில் காலியான டம்ளர் இதுதான். காரணம் வாசமா, போட்டவர் மேல் இருந்த பயமா என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒரு அறிவியல் செய்தியும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெர்கமாட் வாசத்துக்கு முக்கியமான பொருள்களில் ஒன்று லினலூல். நம் கொத்தமல்லி விதையின் வாசத்துக்கும் அதுவே பிரதானம். சுக்குமல்லிக் காப்பி குடித்து வளர்ந்த நமக்கு இந்த வாசம் எங்கேயோ தெரிந்த மாதிரி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காக அளவு மீற வேண்டாம். தினமும் நாலு லிட்டர் வரை ஏர்ல் கிரே குடித்த ஒருவருக்குத் தசைப்பிடிப்பு வந்து, டீயை மாற்றியதும் சரியானதாக 2002இல் லான்செட் மருத்துவ இதழில் வந்திருக்கிறது.

இப்போது வரலாற்றுக்கு வருகிறேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேத்தி கேட்டாள்: "அப்பிச்சி, இந்த கிரே யாரு?"

எனக்கு வாய் நமநமத்தது. முப்பது வருஷம் சொன்ன பாடமாயிற்றே. சார்லஸ் கிரே, இரண்டாம் ஏர்ல். 1830 முதல் 1834 வரை இங்கிலாந்தின் பிரதமர். 1832இல் நாடாளுமன்றச் சீர்திருத்தச் சட்டம், 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம். உங்களில் பலர் இதைக் கரும்பலகையிலிருந்து நோட்டில் எழுதியிருப்பீர்கள்.

டீக்கு அவர் பெயர் வந்த கதையையும் சொன்னேன். சீனாவில் ஒரு அதிகாரியின் மகனைக் கிரேயின் ஆள் தண்ணீரிலிருந்து காப்பாற்றினாராம், நன்றிக்கடனாக இந்த டீயின் பக்குவத்தைக் கொடுத்தார்களாம். கிரேயின் ஊரான ஹோவிக்கில் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், அதற்குத் தோதாகச் சீனர் ஒருவர் பெர்கமாட் சேர்த்துக் கொடுத்தார் என்று இன்னொரு கதை. ட்வைனிங்ஸ், ஜாக்சன்ஸ் என்ற இரண்டு லண்டன் கம்பெனிகளும் "முதலில் போட்டது நாங்கள்தான்" என்று சொல்லிக்கொண்டன.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கிரே சீனாவுக்குப் போனதே இல்லை. பெர்கமாட் சீனத்துப் பழமும் இல்லை. சீனர்கள் டீக்கு மல்லிகை வாசம் ஏற்றுவார்கள். பெர்கமாட்டோ இத்தாலிச் சரக்கு. 1837இல் லண்டனில் ஒரு வணிக நிறுவனம், தேயிலையில் பெர்கமாட் கலந்து விற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. அதாவது அப்போது அது மட்டமான சரக்கை உசந்த சரக்காகக் காட்டச் செய்யும் கலப்படம்! கிரே இறந்தது 1845இல். "ஏர்ல் கிரே கலவை" என்ற பெயர் விளம்பரங்களில் தெரிவது 1880களில். கலப்படத்துக்குப் பிரபுவின் பெயரைச் சூட்டியதும் அது கௌரவமாகிவிட்டது. வரலாற்றில் இது டீக்கு மட்டும் நடந்ததில்லை.

ஆனால் கிரேக்கும் தேயிலைக்கும் உண்மையான சம்பந்தம் ஒன்று உண்டு. அது டப்பாவில் எழுதியிருக்காது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்திய வணிகத்தில் இருந்த தனியுரிமை 1813இல் போனது. சீனத் தேயிலையில் மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அதையும் பறித்தது 1833ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம். கிரேயின் ஆட்சியில் வந்தது. இனி சீனாவை நம்பிப் பயனில்லை என்றதும், இந்தியாவில் தேயிலை விளையுமா என்று பார்க்க 1834இல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் ஒரு குழு போட்டார். அதே ஆண்டு அவர் ஊட்டியில் வந்து தங்கியிருந்தார் என்பது நமக்கு உபரிச் செய்தி. சீன விதையிலிருந்து கல்கத்தாவில் வளர்த்த நாற்றுகள் 1835இல் தெற்கேயும் வந்தன. நீலகிரியில் கேத்திப் பண்ணையில் நட்டுப் பார்த்தார்கள். தோட்டங்கள் பெருகியதெல்லாம் அப்புறம். மேட்டுப்பாளையம் ரோட்டில் நம் ஊரைத் தாண்டிப் போகும் தேயிலை லாரிகளின் கதை அங்கே தொடங்குகிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "அடிமைகளை விடுதலை பண்ணின பெரிய மனுஷன் பேர்ல டீ குடிக்கிறோம் கண்ணு" என்று முடித்தேன்.

பேத்தி போனை எடுத்தாள். கொஞ்ச நேரம் தேடினாள். "அப்பிச்சி, அந்த 1833 சட்டத்துல 64ஆம் பிரிவைப் படிச்சீங்களா?"

படித்ததில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். அந்தச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும், இலங்கைத் தீவுக்கும், செயின்ட் ஹெலினாத் தீவுக்கும் பொருந்தாது என்று அதில் இருக்கிறது.

அதாவது நமக்குப் பொருந்தாது.

டீ ஆறிப்போனது. எனக்கு ஒரு பையனின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், ஒன்பதாம் வகுப்பு. வால்பாறைப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வந்து இங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்த பையன். கடைசி பெஞ்ச். அதிகம் பேச மாட்டான். இந்தப் பாடம் நடத்தியபோது எழுந்து நின்றான். "சார், அப்ப நம்ம ஊர்லயும் அன்னைக்கே அடிமை முறை போயிருச்சுங்களா?"

"ஆமாப்பா, பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுக்க" என்றேன்.

அவன் உட்காரவில்லை. "எங்க அப்பாரு எஸ்டேட்டுக்குப் போனப்ப, மேஸ்திரி குடுத்த முன்பணத்தைக் கட்டாம மலையை விட்டு எறங்க முடியாதுன்னு சொல்லுவாருங்க சார்."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "அது பரீட்சைக்கு வராது. உக்காரு" என்றேன். வகுப்பு சிரித்தது. அவனும் உட்கார்ந்துவிட்டான். அதற்கப்புறம் என் வகுப்பில் அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இன்றைக்குச் சொல்கிறேன். எல்லோரும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1833ஆம் ஆண்டுச் சட்டம் முக்கியமாக மேற்கிந்தியத் தீவுகள், மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா போன்ற குடியேற்றங்களுக்கானது. நடைமுறைக்கு வந்தது 1834 ஆகஸ்ட் 1. அங்கேயும் அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தார்கள். அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசு இல்லை. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் "பயிற்சியாளர்" என்ற பெயரில் 1838 வரை அதே முதலாளியிடம் உழைக்க வேண்டியிருந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே? அதே 1834இல் மொரீஷியஸுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் ஏற்ற ஆரம்பித்தார்கள். பின்னாளில் நம் தமிழர்களும் ஆயிரக்கணக்கில் போனார்கள்.

இந்தியாவில் அடிமையை உடைமையாகக் கொண்டாடும் உரிமையைக் கோர்ட்டுகள் ஏற்கக்கூடாது என்று சட்டம் வந்தது 1843இல். அடிமையை விற்பதும் வாங்குவதும் தண்டனைக்குரிய குற்றமானது 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில். ஆனால் அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1859இல், முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போகிற தொழிலாளியைத் தண்டிக்க ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். முன்வாசலில் சங்கிலியைக் கழற்றிப் பின்வாசலில் கடன்சீட்டைக் கட்டிய கதை. ஆனைமலையில் தேயிலைத் தோட்டங்கள் வந்தபோது மேஸ்திரி கொடுத்த முன்பணம்தான் ஆட்களை மலையேற்றியது. அந்த வாழ்க்கையை வால்பாறைப் பகுதியில் மருத்துவராக வேலை பார்த்த பி.எச். டேனியல் நாவலாக எழுதினார். தமிழில் "எரியும் பனிக்காடு". படிக்காதவர்கள் அவசியம் படியுங்கள்.

தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது 1951இல். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல்.

ஆக, அந்தப் பையனின் அப்பாரு சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. அவனுடைய வீட்டிலேயே வரலாறு இருந்தது. அதைக் கேட்க வேண்டிய வரலாற்று வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிரேயை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தச் சட்டத்தால் லட்சக்கணக்கான மனிதர்கள் விடுதலை பெற்றார்கள். பாதியை முழுசு என்று நான் சொன்னதுதான் பிழை. பெர்கமாட்டும் அதைத்தான் செய்கிறது, வாசத்தைத் தூக்கலாகப் போட்டால் அடியில் இருக்கும் இலை என்னவென்று தெரியாது.

தம்பி, உனக்கு இப்போது ஐம்பது வயது நெருங்கியிருக்கும். இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால், பெயர் போட வேண்டாம், "படித்தேன் சார்" என்று மட்டும் எழுது. வகுப்பு முன்னால் உன்னை உட்காரவைத்தேன். அதனால் மன்னிப்பையும் எல்லார் முன்னாலும்தான் கேட்க வேண்டும். கேட்கிறேன்.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம். உங்கள் குடும்பத்தில் வால்பாறைக்கோ, நீலகிரிக்கோ, இலங்கைக்கோ தோட்ட வேலைக்குப் போன பெரியவர்கள் இருந்தால், எந்த வருஷம், எந்தத் தோட்டம், கடன் எவ்வளவு என்று கேட்டு இங்கே எழுதுங்கள். இருக்கிறவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். இந்தத் தடவை நான் கடிகாரத்தைப் பார்க்க மாட்டேன்.

குன்னூர் டப்பாவில் இன்னும் பாதி இருக்கிறது. பெரியநாயக்கன்பாளையம் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். நார்த்தந்தோல் டீதான் வேண்டும் என்பவர்கள் வீட்டுக்காரம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடவும்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்