கடைக்காலின் கணக்கு

காஞ்சிபுரத்தைப் பற்றி எழுத வந்தவர்கள் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்தே எழுதியிருக்கிறார்கள். கோபுரங்களும் விமானங்களும் நிறைந்த நகரத்தில் அது இயல்புதான். ஆனால் ஒரு கட்டடத்தின் வரலாறு கலசத்தில் தொடங்குவதில்லை; கடைக்காலில் தொடங்குகிறது. எவர் கண்ணிலும் படாத அந்த அடிப்பகுதிக்கு யார் பொறுப்பு, அதன் கணக்கை யார் சொல்வது என்ற கேள்வி இந்த மண்ணில் மிகப் பழையது. களிமண்ணில் வீடு கட்ட மேஸ்திரியைத் தேடி அலைகிற இன்றைய குடும்பத்துக்கும் அதே கேள்விதான்.

முதலில் மண்ணைப் பார்ப்போம். காஞ்சியைச் சுற்றியுள்ள நிலம் பார்வைக்குத் தட்டையானது. மலைச்சரிவு எதுவும் நகருக்குள் இல்லை. ஆயினும் தண்ணீருக்குத் தெரிந்த சரிவு ஒன்று இங்கே உண்டு. ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வழிந்து அடுத்த ஏரிக்கு இறங்குகிறது. அது நிரம்பி அதற்கடுத்த ஏரிக்கு. கூரம் செப்பேடுகள் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துப் பரமேசுவர தடாகத்தையும், பாலாற்றிலிருந்து அதற்கு வெட்டப்பட்ட பெரும்பிடுகுக் காலையும் பதிவு செய்கின்றன. ஏழாம் நூற்றாண்டிலேயே மட்டம் பார்க்கத் தெரிந்தவர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அந்த ஏரிகளின் அடியில் நூற்றாண்டுக் கணக்கில் படிந்தது களி. கரைகளாக உயர்ந்து நிற்பதும் பெரும்பாலும் அதே மண்தான். இன்று ஏரி ஓரங்களிலும், தூர்ந்துபோன தாங்கல்களிலும் மனைக்கற்கள் நடப்படும்போது, வாங்குகிறவர் காலடியில் இருப்பது சரிவும் களியும் சேர்ந்த நிலம்.

களியின் குணம் நெசவாளருக்கும் உழவருக்கும் நன்றாகத் தெரியும். ஐப்பசி கார்த்திகையில் நீரைக் குடித்து உப்பும். சித்திரை வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். சமதளத்தில் இந்த அசைவு மேலும் கீழுமாக நிகழும். சரிவிலோ, உப்பும்போது வெளிநோக்கித் தள்ளப்படும் மண், சுருங்கும்போது பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. சற்றே கீழே இறங்கி உட்கார்கிறது. ஆண்டுக்கு ஒரு மயிரிழை. இருபது ஆண்டுகளில் அது சன்னலின் மூலையிலிருந்து கூரை நோக்கிச் சாய்வாக ஓடும் விரிசலாகிறது. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி மனையைச் சமன் செய்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். வீட்டின் பாதி பழைய மண்ணிலும் பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கும். இரண்டும் ஒரே அளவில் இறங்கப் போவதில்லை.

இதையெல்லாம் முன்னோர் அறியாமல் இல்லை. தமிழகத்தில் வழங்கிய சிற்ப நூல்களுள் முதன்மையான மயமதம், கட்டடம் எழுப்புமுன் நிலத்தைச் சோதிக்கச் சொல்கிறது. நிறம், மணம், சுவை ஆகியவற்றோடு குழிச் சோதனையும் உண்டு. ஒரு முழக் குழி வெட்டி, எடுத்த மண்ணையே மீண்டும் இட்டு நிரப்ப வேண்டும். மண் மிஞ்சினால் உத்தமம், சரியாக நிரம்பினால் மத்திமம், குறைந்தால் அதமம். இறுகிய நிலத்தை வெட்டினால் மண் பெருகும், தளர்ந்த நிலத்து மண் பெருகாது என்ற எளிய உண்மைதான் இதன் அடிப்படை. இச்சோதனை மண்ணின் செறிவைச் சொல்லுமே தவிர, நனைந்தால் வீங்குமா என்பதைச் சொல்லாது. ஆனால் இதில் ஒரு சமூக ஒழுங்கு இருப்பதைக் கவனிக்க வேண்டும். சோதனை உரிமையாளர் கண்முன்னே நடக்கிறது. முடிவைப் புரிந்துகொள்ள அவர் சிற்பியாக இருக்க வேண்டியதில்லை.

மகேந்திரவர்மனின் மண்டகப்பட்டுக் கல்வெட்டு புகழ்பெற்றது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இன்றி அக்கோயிலை எடுத்ததாக அது பெருமைப்படுகிறது. குடைவரைக்குக் கடைக்கால் பிரச்சினையே இல்லை, பாறையே கடைக்கால். அவன் வழிவந்த இராசசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியில் கயிலாசநாதர் கோயிலைக் கல்லடுக்கிக் கட்டியபோதுதான் சமவெளி மண் ஒரு சவாலாக எதிரே நின்றது. அங்கு செல்பவர்கள் சிற்பங்களைப் பார்த்துத் தீர்ந்த பிறகு சற்றுக் குனிந்து பார்க்கலாம். சுவரும் சிற்பமும் மணற்கல். பாரத்தை வாங்கும் அடிவரிகளில் கருங்கல். செதுக்குவதற்கு இளகிய கல்லும் சுமப்பதற்கு உறுதியான கல்லும் என்று பொருளைப் பிரித்து வைத்த முடிவு அது. சிற்பியின் உளிக்கு முன்னால் யாரோ ஒருவர் எடையைக் கணக்கிட்டிருக்கிறார்.

கோபுரக் கலையிலும் இதே அறிவைக் காணலாம். ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்குக் கோபுரம் 1509-இல் கிருஷ்ணதேவராயரால் எழுப்பப்பட்டது. கீழே கருங்கல், மேலே செங்கல்லும் சுதையும். உயர உயரக் குறுகும் உருவம், குறையும் எடை. ஏழு ஆண்டுகள் கழித்து, 1516-இல், அதே அரசர் சுவர்ணமுகி ஆற்றங்கரையில் திருக்காளத்தியில் ஒரு கோபுரம் எழுப்பினார். அது 2010 மே 26 அன்று சரிந்து விழுந்தது. விரிசல்கள் முன்னரே எச்சரித்திருந்ததால் மக்கள் விலக்கப்பட்டிருந்தனர், உயிர்கள் தப்பின. 2017-இல் புதிய கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. ஒரே அரசர், ஒரே காலம், ஒரே மரபு. ஒன்று நிற்கிறது, ஒன்று இல்லை. கட்டுவித்தவரின் பெயரும் புகழும் கட்டடத்தைத் தாங்குவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

களிமண்ணின் பாடம் உலகுக்கே பொதுவானது. இத்தாலியின் பைசா கோபுரம் 1173-இல் தொடங்கப்பட்டு, சில ஆண்டுகளிலேயே சாயத் தொடங்கியது. மூன்றாம் அடுக்கோடு நின்ற வேலை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தொடரவில்லை. அந்த இடைவெளியில் அடியிலிருந்த களி மெல்ல நீரைக் கசியவிட்டு இறுகிக்கொண்டது. நிறுத்தாமல் கட்டியிருந்தால் கோபுரம் அன்றே விழுந்திருக்கும் என்று பொறியியலாளர்கள் கருதுகிறார்கள். களி இறுகுவதற்குக் காலம் தேவை என்பதைக் கணித முறையில் விளக்கிய டெர்சாகியின் நூல் 1925-இல்தான் வெளிவந்தது. அவசரத்தை மன்னிக்காத மண் இது.

இனி பொறுப்பு என்ற கேள்விக்கு வருவோம். காஞ்சிக்கு அருகிலுள்ள உத்திரமேரூரின் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) குடவோலைத் தேர்தலுக்காகவே பேசப்படுகின்றன. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் வேலை என்ன என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஏரி வாரியம் அவற்றுள் ஒன்று. கரையும் மதகும் அதன் பொறுப்பு. அதாவது, சரிந்த களிமண்ணைக் காப்பதே அதன் தொழில். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் அப்பதவிக்கு வர முடியாது என்று கல்வெட்டு விதிக்கிறது. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவரும் வரக்கூடாது. ஊரின் உயிர் ஒரு மண்கரையில் இருக்கும்போது, அதைக் காப்பவன் திறமையானவன் என்பது மட்டும் போதாது, கணக்குச் சொல்பவனாகவும் இருக்க வேண்டும் என்று அந்தச் சபை நினைத்திருக்கிறது.

இந்த வரலாற்றை இன்றைய தெருவுக்குக் கொண்டு வருவோம். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் பழைய வீட்டின் மையம் தறிக்குழி. தரையைத் தோண்டி, அதில் காலை இறக்கி மிதியை மிதிக்கும் அமைப்பு. பட்டிழை அறுந்துபோகாமல் இருக்க மண்ணின் ஈரப்பதம் அதற்கு உதவியது. மண்சுவரும் ஓடும் கொண்ட வீடு, தரை சற்று அசைந்தால் தானும் அசைந்து கொடுத்தது. விரிசலைச் சாணமும் மண்ணும் பூசி மூடினார்கள். அதே மனையில் காங்கிரீட் கூரை ஏறியதும் உறவு மாறிவிட்டது. காங்கிரீட் வளையாது; வெடிக்கும். கடைக்காலை ஒட்டியே தறிக்குழி இருந்தால் மழைநீர் அதன் வழியே உள்ளே இறங்கி, ஒரு பக்கத்துக் களியை மட்டும் உப்பச் செய்யும். தறி, வீடு இரண்டும் ஒரே சுவர்களுக்குள் இருக்கும் குடும்பத்துக்கு விரிசல் என்பது அழகுக் குறைவு அல்ல. பாவு நேராக நிற்க வேண்டிய தரை சாய்ந்தால் பிழைப்பே சாய்கிறது.

இங்கேதான் ஒப்பந்தம் வருகிறது. நம் ஊர்களில் வீட்டு வேலை சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. சதுர அடி என்பது கண்ணுக்குத் தெரியும் தளத்தின் அளவு. மண்ணுக்குள் போகும் கம்பிக்கும் சிமெண்டுக்கும் அதில் தனி விலை இல்லை. ஆகவே கடைக்காலை எவ்வளவு குறைக்கிறாரோ அவ்வளவு ஆதாயம் ஒப்பந்தக்காரருக்கு. செம்மண் மேட்டில் இது பெரிய தீங்கு செய்யாமல் போகலாம். களிச்சரிவிலோ நேர்மையான மேஸ்திரி கூடுதல் விலை சொல்லி வேலையை இழப்பார். மண்ணைப் பார்க்காதவர் குறைந்த விலை சொல்லி வேலையைப் பெறுவார். தவறு தனிமனிதரின் குணத்தில் மட்டும் இல்லை, அளக்கும் முறையிலேயே இருக்கிறது. பொதுப்பணித் துறையில் மூடி மறையும் வேலையை மூடுவதற்கு முன்பே அளந்து அளவுப் புத்தகத்தில் பதிய வேண்டும் என்ற வழக்கம் உண்டு. வீடு கட்டும் குடும்பங்களுக்கு அந்தப் புத்தகம் இல்லை.

இதன் விலை என்னவென்று 2014-இல் நாம் கண்டோம். ஜூன் 28 அன்று மாலை, காஞ்சிபுரம் மாவட்டத்து மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் மழையின்போது இடிந்து விழுந்து 61 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பிற மாநிலங்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளர்கள். அதன் இணைக் கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதே ஆண்டில் வந்த கட்டட மனை ஒழுங்குமுறைச் சட்டம், கட்டமைப்புக் குறைகளுக்கு 5 ஆண்டுகள் பொறுப்பை விற்பனையாளர் மீது சுமத்தியது. ஆனால் தன் மனையில் தானே மேஸ்திரியை அமர்த்திக் கட்டுகிறவருக்கு அந்தச் சட்டம் துணைக்கு வராது. வீட்டுக் கட்டுமானத்தையும் சேவையாக ஏற்கும் நுகர்வோர் சட்டம் உண்டு. அதற்கும் எழுத்தில் உள்ள ஒப்பந்தம் இருந்தால்தான் வழக்குக்குக் கால் கிடைக்கும்.

களிக்கு மருந்து இல்லாமல் இல்லை. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆய்வு நிறுவனம் வளர்த்தெடுத்த அண்டர்ரீம் பைல் முறை நம் நாட்டின் கரிசலுக்காகவே உருவானது. தூணின் அடியில் தண்டைப்போல இரண்டரை மடங்கு அகலமான குமிழ். ஆழமான கரிசலில் குறைந்தது மூன்றரை மீட்டர் நீளம். பருவத்துக்குப் பருவம் மாறும் ஈரம் எட்டாத ஆழத்தில் அது பிடித்துக்கொள்கிறது. மேலே ஓடும் உத்தரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே சிறு இடைவெளி விடுகிறார்கள், உப்பும் மண்ணுக்கு இடம் கொடுக்க. சரிவில் மழைநீர் வீட்டை அண்டாமல் மேற்புறத்திலேயே திருப்பிவிடும் வாய்க்கால், இதைவிட மலிவான மருந்து. மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு வாசற்கதவின் செலவைத் தாண்டாது.

ஆகவே, மேஸ்திரியை அமர்த்துகிறவர் கேட்க வேண்டியவை சிலவே. இந்த மண்ணில், இந்தத் தெருவில், பத்து ஆண்டுகளுக்கு முன் நீங்கள் கட்டிய வீட்டைக் காட்டுங்கள். கடைக்காலுக்குத் தனி விலை எழுதுங்கள். குழியை மூடுமுன் எங்களை அழைத்து அளந்து காட்டுங்கள். முதல் கேள்வி அனுபவம் பற்றியது. மற்ற இரண்டும் உத்திரமேரூர்ச் சபை கேட்டவை.

நல்ல மேஸ்திரிகள் இக்கேள்விகளால் புண்படுவதில்லை. மண்ணை அறிந்தவருக்குத் தன் வேலையின் பெரும்பகுதி புதைந்துபோகும் என்பது தெரியும்; புதைவதற்குமுன் ஒருவராவது அதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருக்கும்.