தபால் பையில் இருந்து ஷார்ஜா வரை

2024 அக்டோபர் 11. ஆயுத பூஜை நாள். மாலை 5.40 மணிக்குத் திருச்சியில் இருந்து ஷார்ஜா கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஒன்று, போகாமல் புதுக்கோட்டை மாவட்ட வானத்திலேயே வட்டமடித்துக் கொண்டிருந்தது. ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே 140 பேருக்கு மேல்.

ஏன் உடனே இறங்கவில்லை என்று பலரும் கேட்டார்கள். ஷார்ஜா வரை போக வேண்டிய எரிபொருளோடு இறங்கினால் எடை அதிகம். போயிங் 737 ரக விமானத்தில் எரிபொருளை வானத்திலேயே வெளியே கொட்டும் வசதி கிடையாது. பறந்து பறந்துதான் தீர்க்க வேண்டும். அதனால்தான் இரண்டரை மணி நேரச் சுற்றல். இரவு 8.15 மணி அளவில் பத்திரமாக இறங்கியது. அப்பாடா!

இந்த விமானத்தின் பூர்வீகம் கொஞ்சம் பார்ப்போமா?

1932 அக்டோபர் 15. ஜே.ஆர்.டி. டாடா கராச்சியில் இருந்து பம்பாய்க்கு ஒரு சின்ன பஸ் மாத் விமானத்தைத் தானே ஓட்டி வந்தார். சுமை, தபால் பைகள் மட்டும். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டி வந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். அப்போது புதுக்கோட்டை தனி சமஸ்தானம்!

1946ல் டாடா ஏர்லைன்ஸ், ஏர் இந்தியா ஆனது. 1948 ஜூனில் பம்பாய் - லண்டன் சேவை தொடங்கியது. 1953ல் அரசுடைமை. அந்தக் காலத்தில் விமானம் என்றால் பணக்காரர் சமாச்சாரம்தான்.

அதை மாற்றியது வளைகுடா வேலை. கூலி வேலைக்குப் போகிறவருக்கு மகாராஜா உபசாரம் எதற்கு? டிக்கெட் மலிவாக இருந்தால் போதும். அதற்காக ஏர் இந்தியா தொடங்கிய துணை நிறுவனம்தான் எக்ஸ்பிரஸ். 2005 ஏப்ரல் 29ல் திருவனந்தபுரத்தில் இருந்து அபுதாபிக்கு முதல் விமானம். கணக்கு எளிது. ஒரே ரக விமானம் என்றால் உதிரி பாகமும் பயிற்சியும் ஒன்றுதான். இறங்கிய விமானம் சீக்கிரம் திரும்பிக் கிளம்ப வேண்டும். தரையில் நிற்கும் விமானம் நஷ்டம்.

ஆனால் மலிவு மட்டும் போதுமா? 2010ல் மங்களூரில் 158 பேர் இறந்தார்கள். 2018 அக்டோபரில் திருச்சியில் துபாய்க்குக் கிளம்பிய விமானம் சுற்றுச்சுவரை இடித்துவிட்டு, அது தெரியாமலே பறந்து, பிறகு மும்பையில் இறக்கப்பட்டது. 2020 ஆகஸ்டில், கொரோனா நேரத்தில் துபாயில் இருந்து ஊர் திரும்பியவர்களின் விமானம் கோழிக்கோட்டில் விபத்துக்குள்ளானது.

2022 ஜனவரி 27ல் ஏர் இந்தியாவும் எக்ஸ்பிரஸும் டாடாவிடமே திரும்பிவிட்டன. வட்டம் முழுமையாகிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின.

எனக்கு நினைவில் நிற்பது இன்னொரு வட்டம். அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம் பக்கம் சபுராளி இல்லாத தெரு குறைவு. அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்திருந்த வீடுகளுக்கு டாடாவா, அரசா என்பது முக்கியமில்லை. சக்கரம் தரையைத் தொட வேண்டும். அவ்வளவுதான்.