உத்தரப் பிரதேசத்தைப் பிரித்தல்: பிரேரணைகளும் அவற்றின் காணியுடைமைப் பின்னணியும்

2011 நவெம்பர் 21ஆந் திகதி உத்தரப் பிரதேசச் சட்டசபை, தன் மாநிலத்தை நான்காகப் பிரிக்குமாறு மத்திய அரசைக் கோரும் பிரேரணையொன்றைச் சில நிமிடங்களுள், குரல் வாக்கெடுப்பின் மூலம் நிறைவேற்றியது. முதலமைச்சர் மாயாவதியின் அத்திட்டத்தின்படி கிழக்கே 32 மாவட்டங்கள் பூர்வாஞ்சல் என்றும், மேற்கே 22 மாவட்டங்கள் பச்சிமப் பிரதேசம் என்றும், நடுவே 14 மாவட்டங்கள் அவத் பிரதேசம் என்றும், தெற்கே 7 மாவட்டங்கள் புந்தேல்கண்ட் என்றும் அமையவிருந்தன. அடுத்த மாதமே மத்திய அரசு விளக்கங் கேட்டு அதனைத் திருப்பியனுப்பிற்று. 2012 தேர்தலில் அவரது கட்சியும் தோல்வியுற்றது. 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏறத்தாழ இருபது கோடி மக்கள் வாழ்ந்த, மக்களவைக்கு 80 உறுப்பினரை அனுப்புகின்ற ஒரு மாநிலம் பற்றிய இப்பிரச்சினை தேர்தற்காலத் தந்திரம் என்று ஒதுக்கப்பட்டது. தந்திரம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் வேறுவேறு வர்க்க நலன்களைச் சார்ந்தோர் அரை நூற்றாண்டுக்கு மேலாக மீண்டும் மீண்டும் முன்வைத்த கோரிக்கையொன்றைத் தந்திரம் என்ற ஒரு சொல்லால் விளக்கிவிட முடியாது.

மாநிலப் பிரிவினை என்றதும் தமிழ் வாசகரின் நினைவுக்கு வருவது மொழி. 1953இல் ஆந்திரம் பிரிந்ததும், 1956இல் தென்னகத்தின் எல்லைகள் மாற்றி வரையப்பட்டதும் அந்த அடிப்படையிலேயே. உத்தரப் பிரதேசத்திலோ மொழி, பிரிக்கக் கூடாது என்பதற்கான வாதமாகவே பயன்பட்டு வந்துள்ளது. யாவரும் இந்தி பேசுவோர், ஆகவே பிரிப்பதற்குக் காரணமில்லை என்பதே அவ்வாதம். இலக்கிய மாணவராகிய நாம் இவ்விடத்தில் சற்றுத் தரித்து நிற்றல் வேண்டும். ஜாயசியின் பத்மாவத்தும் துளசிதாசரின் இராமகாவியமும் அவதியில் எழுந்தவை. சூரதாசர் பாடியது விரஜ மொழியில். கிழக்கு மாவட்டங்களின் மக்கள் மொழி போஜ்புரி. 1893இல் காசியிலே நாகரிப் பிரசாரிணி சபை தோன்றியதையும், 1900இல் நீதிமன்றங்களில் நாகரி எழுத்து அனுமதிக்கப்பட்டதையும் தொடர்ந்து வளர்ந்த இந்தி இயக்கம், டில்லி-மீரட் வட்டாரத்துக் கடீபோலியை அடித்தளமாகக் கொண்ட உரைநடையைப் பொதுமொழியாக்கியது. நகர்ப்புறக் கற்றோரின் உத்தியோகத் தேவைகளோடு பிணைந்த அவ்வியக்கத்தின் விளைவாக, முன்னர் இலக்கிய மொழிகளாயிருந்தவை கிளைமொழிகள் என்ற நிலைக்கு இறங்கின. 'வால்காவிலிருந்து கங்கை வரை' மூலம் நமக்கு நன்கு அறிமுகமான ராகுல் சாங்கிருத்தியாயன் கிழக்கிலுள்ள ஆசம்கர் மாவட்டத்தவர். அவர் போஜ்புரியில் நாடகங்கள் எழுதியமையையும், தாய்மொழிக் கல்விக்காக வாதாடியமையையும் தனிமனித ஆர்வமாக மாத்திரம் கொள்ளல் தகாது.

மாநிலத்தின் எல்லைகளை வரைந்தது மொழியன்று, படைவெற்றியும் நிலவரி நிருவாகமுமே. 1856இல் பிரித்தானியர் அவத் அரசைக் கைப்பற்றினர். மறு ஆண்டே பெருங்கிளர்ச்சி மூண்டது. கிளர்ச்சியை அடக்கிய பின்னர், தாலுக்தார் எனப்பட்ட பெருநிலக்கிழார்களுக்குப் பட்டயங்கள் வழங்கி, அவர்களைத் தம் ஆட்சியின் தூண்களாக்கினர். மேற்கில் நிலை வேறு. அங்கு கிராமத்தையோ உடைமைப் பகுதியையோ அலகாகக் கொண்ட மகல்வாரி முறை நடைமுறையிலிருந்தது; தாமே உழுது பயிரிடும் ஜாட் உடைமையாளரின் கூட்டுக் கிராமங்கள் பல அங்கிருந்தன. பனாரசுப் பகுதியிலோ 1795 முதல் நிரந்தர நிலவரித் திட்டம். 1877இல் ஒரே ஆளுகையின் கீழும், 1902இல் ஆக்ரா-அவத் ஐக்கிய மாகாணங்கள் என்ற பெயரின் கீழும் கொண்டுவரப்பட்டவை, உற்பத்தி உறவுகளில் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபட்ட இப்பிரதேசங்களே. 1950 ஜனவரியில் மாறியது பெயர் மட்டுமே.

அவத்தின் குடியானவர் நிலையை உணர்வதற்கு, 1936இல் வெளிவந்த பிரேம்சந்தின் 'கோதான்' நாவலை விஞ்சிய ஆவணத்தை நாம் அறியோம். ஒரு பசுவை உடைமையாகக் கொள்ள விரும்பிய ஹோரி கடனிலேயே மாள்கிறான். அவனது நிலக்கிழாரோ தேசிய இயக்கத்திற் சிறை சென்று வந்த பெருமகன். இந்த இரட்டை நிலையைப் பிரேம்சந்த் கற்பனையிலிருந்து மாத்திரம் பெறவில்லை. 1920இல் பிரதாப்கர் வட்டாரத்திலே குத்தகைக் குடிகளைத் திரட்டிய பாபா ராமச்சந்திரர் பீஜித் தீவில் ஒப்பந்தக் கூலியாகவிருந்து மீண்டவர். துளசிதாசரின் வரிகளை ஓதிக் கூட்டஞ் சேர்த்தவர். 'சீதாராம்' என்ற வாழ்த்தொலியையே போராட்ட அழைப்பாக்கியவர். கிழக்கு மாவட்டங்களிலிருந்து மொரிசியஸ், திரினிடாட், கயானா, பீஜி என ஏற்றுமதி செய்யப்பட்ட உழைப்பு, ஒருவரின் உருவிலே அரசியலாகித் திரும்பி வந்தது. நம் மலையகத்தின் வரலாற்றை அறிந்தோர் இதனைத் தனிக்கவனத்துடன் நோக்குவர்.

மாநிலத்தைப் பிரிக்கும் யோசனை 1955இல் இரு வேறு திசைகளிலிருந்து வந்தது. பசல் அலியின் தலைமையில் அமைந்த மாநிலச் சீரமைப்பு ஆணைக்குழு அவ்வாண்டு செப்ரெம்பர் இறுதியில் அறிக்கை சமர்ப்பித்தது. பெரும்பான்மை உறுப்பினர் உத்தரப் பிரதேசத்தைத் தொடவேண்டாமென்றனர், மூன்றாமவரான கே. எம். பணிக்கர் மறுப்புக் குறிப்பு எழுதினார். மீரட், ஆக்ரா, ரோகில்கண்ட், ஜான்சி ஆகிய பிரிவுகளின் பெரும்பகுதியோடு அயல் மாவட்டங்கள் சிலவற்றையும் சேர்த்து 'ஆக்ரா' என்ற புது மாநிலம் அமைக்கப்படல் வேண்டும் என்பது அவர் கருத்து. இந்திய மக்களில் ஆறிலொரு பங்கினர் ஒரே மாநிலத்தில் இருப்பது கூட்டாட்சியின் சமநிலையைக் குலைக்குமென்றும், பிஸ்மார்க் காலத்து ஜெர்மனியிற் பிரஷ்யா பெற்ற இடத்தை அது பெறுமென்றும் அவர் எச்சரித்தார். கூர்மையான வாதந்தான். ஆனால் அது மாநிலங்களுக்கிடையிலான அதிகாரப் பங்கீடு பற்றிய வாதம். மாநிலத்தினுள்ளே அதிகாரம் எவர் கையில் என்ற வினா அதில் எழவேயில்லை. அறிக்கை சென்றடைந்த உள்துறை அமைச்சிலோ, அதற்குச் சில மாதங்களுக்கு முன்வரை உத்தரப் பிரதேச முதலமைச்சராயிருந்த கோவிந்த வல்லப பந்த் அமர்ந்திருந்தார்.

அவ்வினாவை எழுப்பியவர் அம்பேத்கர். 1955 டிசெம்பரில் மொழிவழி மாநிலங்கள் பற்றி எழுதிய நூலில், மீரட், கான்பூர், அலகாபாத் ஆகியவற்றைத் தலைநகராகக் கொண்ட மூன்று மாநிலங்களாக உத்தரப் பிரதேசத்தைப் பிரிக்குமாறு அவர் கூறினார். வடக்கு ஒன்று குவிய, தெற்கு துண்டாடப்படுகிறது என்ற கவலை அவருக்கும் இருந்தது. அதற்கு மேலாக, ஒவ்வொரு வட்டாரத்திலும் நிலத்தையும் எண்ணிக்கைப் பலத்தையும் கொண்டுள்ள ஒரு பெருஞ்சாதி ஏனையோரை ஆட்படுத்துகிறது என்பதையும், மாநில எல்லைகளை வகுக்கையில் இதனைக் கணக்கிலெடுக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்தினார். மாயாவதி அரசு தன் பிரேரணைக்கு அம்பேத்கரைத் துணைக்கழைத்தது. ஆனால் அதே அம்பேத்கர் 1947இல் அரசியல் நிர்ணய சபைக்கென ஆக்கிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற மகஜரில் விவசாய நிலம் முழுவதையும் அரசுடைமையாக்குமாறு கோரியவர். பிரேரணையாளர் முன்னதை எடுத்துக்கொண்டனர், பின்னதை விட்டுவிட்டனர். நம் கருத்தில், முழுப் பிரச்சினையும் இந்த விடுபாட்டிலேயே தங்கியுள்ளது.

ஏனெனில் சிறிய எல்லை, ஆதிக்கச் சாதியின் பலத்தைக் குறைக்கவும் கூடும், செறிவாக்கவும் கூடும். 1952இல் நடைமுறைக்கு வந்த ஜமீன்தாரி ஒழிப்பு இடைத்தரகரை அகற்றிற்று. சொந்தச் சாகுபடி என்ற பெயரில் பெருநிலப்பரப்புகள் பழைய உடைமையாளரிடமே தங்கின. குத்தகையின் பத்து மடங்கைச் செலுத்த வல்லவர் பூமிதார் ஆயினர். நிலமற்றோர் நிலமற்றோராகவே இருந்தனர். கால்வாய்ப் பாசனமும் கரும்பும், பின்னர் பசுமைப் புரட்சியும் மேற்கு மாவட்டங்களில் ஒரு செல்வ விவசாய வர்க்கத்தை உருவாக்கின. அதன் அரசியற் குரலே சரண் சிங். அவர் மகன் அஜித் சிங் எழுப்பியதே 'ஹரித் பிரதேசம்' என்ற தனி மாநிலக் கோரிக்கை. மேற்கின் வரி கிழக்குக்குச் செல்கிறது, உயர் நீதிமன்றமோ தொலைவிலுள்ள அலகாபாத்தில் இருக்கிறது என்ற முறைப்பாடுகள் பொய்யல்ல. எனினும் கரும்பு வயலிற் கூலிக்கு உழைக்கும் தலித்துக்கும், மொராதாபாத்தின் பித்தளைப் பட்டறையில் உழைக்கும் முஸ்லிம் கைவினைஞருக்கும் தலைநகர் அருகே வருவதால் உடனடியாக யாது கிட்டும் என்பதற்கு அக்கோரிக்கையில் விடை கிடையாது.

பிரிந்து சென்ற ஒரு பகுதியின் அனுபவம் நம் முன்னே இருக்கிறது. மலை மாவட்டங்களில் தனி மாநில உணர்வு நெடுங்காலத்தது. காடும் நீரும் சமவெளியின் தேவைக்கெனச் சுரண்டப்படுவதை எதிர்த்து 1973இல் எழுந்த சிப்கோ இயக்கம் அவ்வுணர்வின் பொருளியல் அடிப்படையை வெளிக்காட்டிற்று. ஆயினும் 1994இல் அதனை வெகுசனக் கிளர்ச்சியாக வெடிக்கச் செய்தது, பிற்படுத்தப்பட்டோருக்கான 27 வீத இட ஒதுக்கீட்டுக்கு எதிர்ப்பு. உயர்சாதியினரே பெரும்பான்மையினரான மலையில், அது வெளியாருக்கு வழிவிடும் ஏற்பாடாகக் காணப்பட்டது. அவ்வாண்டு ஒக்ரோபர் 2ஆந் திகதி டில்லிக்குச் சென்ற கிளர்ச்சியாளரை ராம்பூர் திராகாவிலே பொலிசார் சுட்டுக்கொன்றனர். பெண்கள் பாலியல் வன்முறைக்குள்ளாயினர். ஜனநாயகத்தன்மையும் சாதிய நலனும் ஒரே இயக்கத்தில் இவ்வாறு பின்னிக்கிடப்பதைக் கண்டு முகஞ்சுளிப்பதோ, ஒன்றை மறைத்து மற்றதைப் போற்றுவதோ ஆய்வாளருக்குரிய பணியன்று. 2000 நவெம்பர் 9இல் மாநிலம் பிறந்தது. இயக்கம் கேட்ட மலைநகரான கைர்சைண் தலைநகராகவில்லை. அடிவாரத்து டேராடூனிலேயே ஆட்சி அமர்ந்தது. கைர்சைண் 2020இற்றான் கோடைகாலத் தலைநகராக அறிவிக்கப்பட்டது. மலைக்கிராமங்களை விட்டு மக்கள் வெளியேறுவதை ஆராயவென 2017இல் அம்மாநில அரசே ஓர் ஆணைக்குழுவை நியமிக்க வேண்டியிருந்தது.

எஞ்சியது புந்தேல்கண்ட். வரட்சியும் கற்குவாரிகளும், பிழைப்புத் தேடி டில்லிக்குச் செல்லும் குடும்பங்களும் அப்பிரதேசத்தின் அடையாளங்கள். பிரிவினைக்கு வலுவான நியாயம் அங்குதான் உண்டென்பர். எனினும் 2011ஆம் ஆண்டுப் பிரேரணை ஜான்சி முதல் சித்திரகூடம் வரையிலான ஏழு மாவட்டங்களையே குறித்தது. புந்தேல்கண்டின் மறுபாதி மத்தியப் பிரதேசத்திலிருப்பதால் லக்னோவின் சட்டசபை அதனைப் பற்றிப் பேச முடியவில்லை. அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரையின்படி பாராளுமன்றம் சாதாரண பெரும்பான்மையினாலேயே புதிய மாநிலமொன்றை அமைக்கலாம். சட்டசபைகளின் கருத்தைக் கேட்டால் போதும், சம்மதம் வேண்டியதில்லை. இரு மாநிலங்களிலும் கிடக்கும் இப்பிரதேசத்தை ஒன்றாக்கச் சட்டத்தடை எதுவுமில்லை. குவாரி உரிமங்களை எவர் வழங்குவது, ஏரிகளின் நீரை எவர் வயலுக்கு முதலில் விடுவது என்பன பற்றி மாத்திரம் இதுவரை எந்தப் பிரேரணையிலும் ஒரு வாசகமும் எழுதப்படவில்லை.