மூன்றாம் நாளும் ஆறாம் நாளும்

"ரெண்டு நாளாச்சு, மாத்திரை கேக்கவே இல்ல." மெடிக்கல் ஷாப்பில் டைபாய்டு வந்த வீட்டாரும் இதைத்தான் சொல்கிறார்கள், நீர்க்கடுப்பு வந்தவரும் இதைத்தான் சொல்கிறார். முதலாமவர் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இரண்டாமவர் பொறுத்தது போதும்.

டைபாய்டுக் கிருமி கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை என்று புகுந்து, நம்மைக் காக்க வேண்டிய செல்களுக்குள்ளேயே குடியேறிவிடும். சரியான மருந்தான செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டாலும் காய்ச்சல் விட நாலு முதல் ஆறு நாள் ஆகலாம். நீர்க்கடுப்பில் பெரும்பாலும் குற்றவாளி ஈ.கோலை. அதற்குக் கொடுக்கும் நைட்ரோஃபுரன்டாயின் சிறுநீரிலேயே போய்ச் சேர்கிறது, அதாவது கிருமி இருக்கும் இடத்திலேயே. ஒன்றிரண்டு நாளில் எரிச்சல் தணியத் தொடங்க வேண்டும். மூன்றாம் நாளும் அப்படியே இருந்தாலோ, மாத்திரை முடித்த இரண்டு வாரத்துக்குள் திரும்பி வந்தாலோ, கிருமி மருந்துக்கு மசியவில்லை என்று சந்தேகித்து யூரின் கல்ச்சர் கொடுக்க வேண்டும்.

என் அக்கா இரண்டிலும் அடிபட்டவள். மகனுக்கு டைபாய்டு வந்தபோது நோட்டில் எழுதி வைத்தாள்: முதல் நாள் உச்சம் 103.6, அடுத்து 103.4, பிறகு 102.8, நாலாம் நாள் 101.6. "இறங்கவே இல்ல, டாக்டரை மாத்து" என்றது வீடு. உச்சமோ நாளுக்கு நாள் தணிந்துகொண்டிருந்தது. பாராசிட்டமால் கொடுத்த நேரத்தையும் பக்கத்தில் குறித்திருந்தாள். அது இல்லையென்றால் அந்த நோட்டை நம்பியிருக்க முடியாது. ஆறாம் நாள் 99.

உச்சம் அசையாமல் நின்றால்தான் கவலை. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் செஃப்ட்ரியாக்சோனுக்கே அடங்காத டைபாய்டு கிளம்பியது. அசித்ரோமைசினும் மெரோபெனமும்தான் கைகொடுத்தன. ஆனால் அசையாத காய்ச்சலெல்லாம் அந்த வகை அல்ல. வைடால் டெஸ்டை மட்டும் நம்பி டைபாய்டு என்று முடிவுகட்டியிருப்பார்கள், உள்ளே இருப்பது ஸ்க்ரப் டைபஸாக இருக்கும். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கு உண்டா என்று ஒருமுறை தேடிப் பார்க்கலாம். வைடாலால் எந்த மருந்து கேட்கும் என்று சொல்லவே முடியாது. அதைச் சொல்வது பிளட் கல்ச்சர். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே ரத்தம் எடுத்தால்தான் கிருமி சிக்க வாய்ப்பு அதிகம்.

தனக்கு நீர்க்கடுப்பு வந்தபோது இதே அக்கா நோட்டெல்லாம் போடவில்லை. கடையில் சிப்ரோ வாங்கி ஒரு வாரம் ஓட்டினாள். எட்டாம் நாள் உடம்பு தூக்கிப்போடும் குளிர், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி. கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது. இந்த மூன்றில் ஒன்று வந்தாலே நாள் எண்ணாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டைபாய்டில் கடும் வயிற்று வலி, கருப்பாய் மலம், பிதற்றல் ஆகியவையும் அப்படியே.

அம்மா, பிள்ளை இருவரின் கல்ச்சர் தாள்களும் ஒரே ஃபைலில் இருக்கின்றன. வெவ்வேறு நோய், வெவ்வேறு கிருமி. சிப்ரோவுக்கு நேரே மட்டும் இரண்டிலும் 'ஆர்': ரெசிஸ்டன்ட், மருந்து கேட்காது.