காரின் பின்பக்க பம்பர்: இரும்பிலிருந்து பிளாஸ்டிக்கிற்கு

காரின் முன்னும் பின்னும் குறுக்காக அமைந்து, மெதுவான மோதலின் வேகத்தைத் தான் வாங்கிக்கொண்டு வண்டியின் உடலைக் காக்கும் பாகம் பம்பர். வடசென்னைக்கு இந்தக் கருத்து காரோடு வந்ததல்ல. 1856 ஜூலை 1 அன்று ராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா சாலைக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சேவை தொடங்கியது. பெட்டியோடு பெட்டி இடிக்காதபடி ரயில் பெட்டிகளின் முனைகளில் பொருத்தப்படும் பஃபர்களின் வேலையும், காசிமேட்டு விசைப்படகுகளின் பக்கவாட்டில் தொங்கும் பழைய டயர்களின் வேலையும் ஒன்றுதான்: மோதலைத் தடுப்பதல்ல, மோதலைப் பொறுத்துக்கொள்வது.

கார்களில் இது மெதுவாகவே வந்தது. தொடக்ககால கார்கள் பலவற்றுக்குப் பம்பரே கிடையாது. பிரித்தானியப் பொறியாளர் பிரெடெரிக் சிம்ஸின் நிறுவனம் 1905இல் வெளியிட்ட சிம்ஸ்-வெல்பெக் காரில் காற்றடைத்த ரப்பர் பம்பர் இருந்தது. அந்த யோசனை அப்போது பரவவில்லை. அடுத்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் இரும்புப் பட்டையையே நம்பியது.

எண்ணூரில் 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ40 கார்களை இணைத்து வெளியிடத் தொடங்கியது. 1955இல் அசோக் லேலண்ட் ஆகி லாரி, பஸ் பக்கம் திரும்பும் முன் அந்த ஆலையின் முகம் கார்தான். ஏ40இன் பம்பர் குரோமியம் பூசிய வளைந்த இரும்புப் பட்டை. வண்டியின் அடிச்சட்டத்திலிருந்து நீண்ட இரும்புத் தாங்கிகளில் போல்ட் போட்டு முடுக்கப்பட்டது. பின்னர் தெருவெங்கும் ஓடிய அம்பாசடரும் இதே குடும்பத்து பம்பரையே தாங்கியது. 1950களின் இறுதியில் வந்து 2014இல் உற்பத்தி நின்ற அந்த வண்டியின் பின்பக்கம், சென்னைவாசிகள் மூன்று தலைமுறையாகப் பார்த்துப் பழகியது.

இரும்பு பம்பர் தொங்கினால் காரணம் தேட வேண்டியதில்லை. தாங்கி வளைந்திருக்கும், அல்லது போல்ட் துருப்பிடித்து அறுந்திருக்கும். டிங்கரிங் பட்டறையில் கழற்றி, சூடேற்றி, சுத்தியால் தட்டி நேராக்கி, தேவைப்பட்டால் பற்றவைத்து மீண்டும் மாட்டுவார்கள். பளபளப்பு வேண்டுமென்றால் எலக்ட்ரோபிளேட்டிங் செய்பவரிடம் போக வேண்டும். வெளிப்புறம் மின்னிக்கொண்டிருக்கும்போதே உட்புறம் உப்புக்காற்றில் அரித்துப்போவது கடலோர ஊர்களில் இந்த பம்பருக்கு வாய்த்த நோய். வீட்டு வாசலில் செய்யக்கூடிய வேலையாக அது இருக்கவில்லை.

மாற்றம் வெளிநாட்டில் தொடங்கியது. 1972இல் வந்த ரெனோ 5, பிளாஸ்டிக் பம்பரோடு விற்பனைக்கு வந்த முன்னோடிக் கார்களில் ஒன்று. அதே காலத்தில் அமெரிக்கா, 1973ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து, முன்புறம் மணிக்கு சுமார் 8 கிலோமீட்டர் வேகத்திலும் பின்புறம் அதில் பாதி வேகத்திலும் இடிபட்டால் விளக்கு, எரிபொருள் அமைப்பு முதலியவை கெடக்கூடாது என விதித்தது. பின்புறத்துக்கான வேகமும் மறு ஆண்டே முன்புறத்துக்குச் சமமாக உயர்ந்தது. கனத்த பம்பர்கள் வண்டியின் எடையையும் விலையையும் கூட்டவே, 1982இல் அந்த விதி தளர்ந்தது. எடை குறைய வேண்டும், வடிவம் வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்ற இரண்டு தேவைகளுக்கும் பிளாஸ்டிக் ஒத்துவந்தது.

இந்தியாவில் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் கார் என்பதன் எடையே குறைந்தது. 1998இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வெளிவந்தபோது, பிளாஸ்டிக் பம்பர் புதிய கார்களின் பொது வழக்காகிவிட்டிருந்தது.

இன்றைய பம்பர் ஏன் தொங்குகிறது

இன்று பம்பர் என்று கண்ணுக்குத் தெரிவது ஒரு தோல் மட்டுமே. அதன் பின்னால் மோதலை உறிஞ்சும் நுரைக்கட்டை இருக்கலாம். அதற்கும் பின்னால், பல வண்டிகளில், குறுக்கே ஓர் உலோக விட்டம். தோலைப் பிடித்திருப்பவை சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கிளிப்புகள், சக்கர வளைவருகே சில திருகுகள், இரு மூலைகளிலும் பக்கத்துக்கொரு தாங்கி. தோலின் ஓரத்திலுள்ள நாக்குகள் அந்தத் தாங்கியில் சொருகி நிற்கும். பெரும்பாலும் தொங்குவது மூலைதான்: நாக்கு விலகியிருக்கும் அல்லது உடைந்திருக்கும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பள்ளத்தில் இறங்கி ஏறும் கார் ஒவ்வொரு முறையும் அந்த நாக்குகளை உலுக்குகிறது. வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை அடைகிறது. பம்பர் துருப்பிடிக்காது என்பது உண்மை. அதைப் பிடித்திருக்கும் திருகு துருப்பிடிக்கும் என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை.

வீட்டில் சரிசெய்தல்

இரும்புக் காலத்தில் பட்டறைக்குப் போன வேலை இப்போது பாதி வீட்டுக்கு வந்துவிட்டது. சக்கர வளைவிலுள்ள திருகைக் கழற்றி, மூலையை மெல்ல வெளியே இழுத்துப் பார்த்தால் பழுது தெரிந்துவிடும். நாக்கு விலகியிருந்தால் மண்ணைத் துடைத்துவிட்டு, மூலையை உள்ளங்கையால் அழுத்தினால் சொடுக்கென்று உட்காரும். தாங்கி உடைந்திருந்தால் அதை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம். கிளிப்பின் துளை கிழிந்து பெரிதாகியிருந்தால் அகலமான வாஷர் வைத்துப் பிடிக்க வேண்டும். நெளிவு மட்டும் இருந்தால் கொதிநீர் ஊற்றி உட்புறமிருந்து தள்ளினால் பெரும்பாலும் நேராகும்.

உடைந்த நாக்கை ஒட்டுவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பம்பரின் உட்புறத்தில் அது எந்தப் பிளாஸ்டிக் என்று பொறித்திருக்கும். பெரும்பாலும் ரப்பர் கலந்த பாலிபுரோப்பிலீன். சாதாரணப் பசை எதுவும் அதில் நிலைக்காது. சால்டரிங் இரும்பால் துருப்பிடிக்காத கம்பிவலையை உருக்கிப் பதித்து, அதே வகைப் பிளாஸ்டிக்கை மேலே உருக்கி மூடுவதே தாங்கும். புகை நச்சுத்தன்மை உடையது என்பதால் வேலை திறந்தவெளியில் நடக்க வேண்டும். கேபிள் டை கட்டுவது வீடு சேரும் வரைக்கான ஏற்பாடு. ஆண்டுக்கணக்கில் அதோடு ஓடும் வண்டிகளும் உண்டு. அது அறுந்து பம்பர் சாலையில் விழுந்தால் இடறுவது பின்னால் வரும் இருசக்கர வண்டி.

2019 ஜூலை முதல் புதிய கார்களில் பின்புற பார்க்கிங் சென்சார் கட்டாயமானதால், இழுப்பதற்கு முன் ஒயர் இணைப்பைக் கழற்றுவதும் இந்த வேலையில் சேர்ந்துகொண்டது.

இடிபட்ட பம்பரில் கவனிக்க வேண்டியது வேறொன்று. பிளாஸ்டிக் தோல் நெளிந்து மீண்டும் பழைய நிலைக்கு வந்துவிடும். உள்ளே நுரைக்கட்டை நொறுங்கியோ விட்டம் வளைந்தோ இருக்கலாம். இரும்பு பம்பர் தன் காயத்தை மறைத்ததில்லை. ஆகவே இடித்தபின் தொங்கும் பம்பரை மாட்டுவதற்கு முன் முழுதாகக் கழற்றி உள்ளே பார்ப்பது அவசியம். விட்டம் வளைந்திருந்தால் அது வீட்டு வேலை அல்ல.

பிளாஸ்டிக்கை நம்பாதவர்கள் அதற்கு மேல் இரும்புக் குழாய்த் தடுப்பை மாட்டத் தொடங்கினர். பாதசாரிகளுக்கும் வண்டியில் இருப்பவர்களுக்கும் ஆபத்து என்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைச் சுட்டி, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் அவற்றின்மீது நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்கு எழுதியது.

முழுதும் சிதைந்த பம்பருக்குப் புதியது வாங்க மனமில்லாதவர்கள் புதுப்பேட்டைக்குப் போகிறார்கள். பிரித்த கார்களின் பாகங்கள் அங்கே அடுக்கிக் கிடக்கும். நிறம் பொருந்தாவிட்டால் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம். வாங்கும்போது திருப்பிப் பார்க்க வேண்டியது ஓரத்து நாக்குகள் முழுதாக இருக்கின்றனவா என்பதை.