புறநகர் ஆகாத இரண்டு நிலையங்கள்

புறநகர் இரயில் என்றதும் சென்னைக் கடற்கரையும் தாம்பரமும் நம் நினைவுக்கு வரும். இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் வருவதில்லை. ஆயினும் ஒரு காலை வேளையில் இவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்ட சாலையோரம் நின்று பாருங்கள். வழக்கறிஞர்களும் வழக்காடுவோரும் ஸ்ரீவில்லிபுத்தூர் நோக்கிப் போய்க்கொண்டிருப்பார்கள். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் அங்கேதான் இருக்கிறது. எதிர்த்திசையில் ஆலைத் தொழிலாளரும் கல்லூரி மாணவரும் இராஜபாளையத்துக்கு வந்துகொண்டிருப்பார்கள். இடைத்தொலைவு ஏறத்தாழ 11 கிலோமீட்டர். சாலைக்குத் துணையாக ஓர் இருப்புப்பாதையும் இருக்கிறது. இருந்தும் பெரும்பாலோர் பேருந்தையே நம்பியிருக்கிறார்கள். இது ஏன் என்ற கேள்விக்கு விடை, அந்தப் பாதையின் வரலாற்றிலேயே இருக்கிறது.

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இரயில் ஓடத் தொடங்கியது 1876-இல். அன்றைய விருதுபட்டி (1923-இல்தான் அது விருதுநகர் ஆயிற்று) அந்தப் பாதையில் ஒரு நிலையம். திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைக் குடைந்து கொல்லம் செல்லும் மீட்டர் கேஜ் பாதை 1904-இல் முழுமை பெற்றது. அதன் பிறகும் மதுரையிலிருந்து கொல்லம் போகிறவர் மணியாச்சி சென்று, திருநெல்வேலியைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. அந்தச் சுற்றைக் குறைத்தது, தென்னிந்திய இரயில்வே கம்பெனி 1927-இல் திறந்த விருதுநகர் - தென்காசிப் பாதை. திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர் ஆகிய ஊர்களுக்கு இரயில் வந்தது இவ்வாறுதான். வரைபடத்தை விரித்துப் பார்த்தால், ஒரு முக்கோணத்தின் மூன்றாவது பக்கம் போல இப்பாதை தெரியும். சென்னையையும் கொல்லத்தையும் நெருக்கமாக்கிய குறுக்குவழியில் நம் ஊர்கள் அமைந்தன.

சென்னை - கொல்லம் மெயில் பல்லாண்டுகள் இவ்வழியே ஓடியது. ஆண்டாள் கோயிலுக்கு ஆடிப்பூரத் தேர் காண வந்தோரும், இராஜபாளையத்து மாம்பழத்தைக் கூடையில் சுமந்து போனோரும் இப்பாதையை அறிவார்கள். இரயில் வந்து ஒன்பதாண்டுகள் கழித்து, 1936-இல், பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். இரயிலால்தான் ஆலை வந்தது என்று சொல்லிவிட முடியாது. சுற்றியுள்ள கரிசல் நிலத்துப் பருத்திக்கும், தொழில் தொடங்கும் துணிவுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் ஓர் ஆலை ஊருக்கு இருப்புப்பாதை எத்தகைய வலிமை என்பதை விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஓர் ஒப்பீடு பயன்படும். இதே தென்னிந்திய இரயில்வே கம்பெனிதான் 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயிலை ஓட்டியது. அதுவும் மீட்டர் கேஜ் பாதைதான். நம் பாதைக்கு நான்கே ஆண்டுகள் இளையது. அங்கே அடுத்தடுத்து வண்டிகள் வந்தன. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது உண்டு என்ற நம்பிக்கையில் மக்கள் நிலையங்களைச் சுற்றிக் குடியேறினார்கள், கிராமங்கள் புறநகர்களாயின. இங்கே நாளுக்குச் சில வண்டிகளே ஓடின. ஒன்றைத் தவறவிட்டவர் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். புறநகரைத் தொலைவு உருவாக்குவதில்லை, கால அட்டவணையே உருவாக்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

தொண்ணூறுகளில் மாணவனாக நான் இவ்வழியே சில காலம் பாசஞ்சர் வண்டியில் போய்வந்திருக்கிறேன். பிரம்பு வளையத்தில் மாட்டிய டோக்கனை ஓட்டுநர் கைநீட்டி வாங்கும் காட்சியும், எதிர்வண்டிக்காகக் காத்திருக்கையில் மேற்கே தெரியும் மலைத்தொடரும் இன்றும் நினைவில் உள்ளன. அழகான பயணம்தான். ஆனால் முதல் வகுப்புக்கு நான் நேரத்தில் போய்ச் சேர்ந்த நாள்கள் குறைவு. தேர்வு நாள்களில் பேருந்தில்தான் போனேன்.

பின்னர் அகலப் பாதை வந்தது. 2004-இல் பொதிகை விரைவு வண்டி ஓடத் தொடங்கியதும், மாலையில் ஏறி உறங்கினால் காலையில் சென்னை என்றாயிற்று. செங்கோட்டை - புனலூர் மலைப்பாதை 2010-இல் மூடப்பட்டு, அகலப் பாதையாகி 2018-இல் மீண்டும் திறந்தது. அதன் பின் சென்னை - கொல்லம் வண்டியும் இவ்வழி திரும்பியது. இவையெல்லாம் பெரும் நன்மைகள். எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒவ்வொரு மாற்றமும் தொலைவிலுள்ள ஊர்களையே நமக்கு அருகில் கொண்டுவந்தது. அருகிலுள்ள ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது.

கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் இந்த வேறுபாடு இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. 2020 மார்ச்சில் நாடெங்கும் நின்ற பாசஞ்சர் வண்டிகள் திரும்பி வந்தபோது விரைவு வண்டிக் கட்டணத்துடன் வந்தன. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாயிற்று. நெடுந்தூரம் செல்பவருக்கு அது சிறு தொகை. 11 கிலோமீட்டர் செல்பவருக்கு மும்மடங்கு. பழைய கட்டணம் 2024 பிப்ரவரியில்தான் திரும்பியது. இடையில், 2023-இல், மதுரை - செங்கோட்டை பாசஞ்சர்களுள் ஒன்று கேரளத்து வண்டிகளுடன் இணைக்கப்பட்டு, மதுரை - குருவாயூர் விரைவு வண்டியாயிற்று. குருவாயூர் செல்லும் பக்தருக்கு மகிழ்ச்சியே. ஆனால் இரு மாநிலங்களைக் கடந்து வரும் வண்டி வழியில் எங்கே தாமதப்பட்டாலும், அந்தத் தாமதம் ஸ்ரீவில்லிபுத்தூர் நடைமேடையில் நிற்பவரையும் வந்து சேரும்.

அம்ருத் பாரத் திட்டத்தில் இவ்விரு நிலையங்களும் இடம்பெற்றுள்ளன. முகப்புகள் அழகு பெறுவது நல்லதே. ஆனால் நிலையம் என்பது கட்டடம் மட்டுமன்று. குறித்த நேரத்தில் வண்டி வரும் என்ற உறுதியும் சேர்ந்ததே நிலையம். விருதுநகருக்கும் தென்காசிக்கும் இடையே, நீதிமன்றமும் ஆலையும் கல்லூரியும் தொடங்கும் நேரத்துக்கும் முடியும் நேரத்துக்கும் ஏற்ப, காலையும் மாலையும் ஒரு குறுந்தூர வண்டி ஓடினால் போதும். சீசன் டிக்கெட்டுக்கு ஆள் தேட வேண்டியிராது.

தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக இப்பாதை நம்மை வெளியூர்களுக்கு அழைத்துச் சென்றிருக்கிறது. பக்கத்து ஊருக்கும் ஒருநாள் அழைத்துச் செல்லும் என்று எதிர்பார்ப்பது பேராசை ஆகாது.