அருகம்புல் போன தூரம்



கல்யாண வீட்டில் பெரியவர்கள் என்ன சொல்லி வாழ்த்துகிறார்கள்? "ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி" வாழணும் என்கிறார்கள். பிள்ளையாருக்கு அருகம்புல் இல்லாமல் பூசை இல்லை. ஆனால் அதே அருகு நம்ம வயலுக்குள் வேரோடினால் என்ன செய்கிறோம்? மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். கொத்திப் போட்ட கொடியில் ஒரு கணு ஈர மண்ணில் பட்டால் போதும், மறுபடி தலை தூக்கிவிடும். வரப்பில் இருந்தால் மண்ணைப் பிடித்துக் காக்கும், மாட்டுக்கு மேய்ச்சலும் ஆகும். வயலுக்குள் வந்தால் வம்புதான்.

இந்த அருகம்புல்லைப் பாத்தி கட்டி நட்டு, உரம் வைத்து, தினமும் வெட்டி, பிள்ளையைப் போல வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? அதோடு விட்டதா? அந்தப் புல்லைச் சீர்படுத்திய அதே மனிதர்தான் நம்ம கம்புக்கும் ஒரு புது வழி திறந்தவர். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

கோல்ஃப் என்று ஒரு விளையாட்டு. நூறு, நூற்றைம்பது ஏக்கர் நிலத்தில் பதினெட்டுக் குழிகள் இருக்கும். சின்னப் பந்தைக் கோலால் அடித்து அடித்துக் கொண்டுபோய்க் குழியில் போட வேண்டும். குழியின் வாய் நாலேகால் அங்குலம்தான். குழியைச் சுற்றியுள்ள இடத்துக்குக் கிரீன் என்று பெயர். அங்கே பந்தை உருட்டித்தான் போடணும். புல் மேடும் பள்ளமுமாக இருந்தால் பந்து எங்கேயோ போய்விடும். அதனால் கிரீனில் புல் பாய் விரித்ததுபோல் இருக்க வேண்டும். கால் அங்குலமும் அதற்குக் கீழும் ஒட்ட வெட்டுவார்கள். அதுவும் அநேகமாகத் தினமும். எந்தப் புல் இதைத் தாங்கும், சொல்லுங்கள்?

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து போன்ற குளிர் நாடுகளில் அதற்கென்று மெல்லிய புல் வகைகள் உண்டு. அவற்றை அமெரிக்காவின் தென்பகுதியில் நட்டால் கோடையில் வெந்து போகும். அதனால் அங்கே பல இடங்களில் குழியைச் சுற்றி வெறும் மணலைப் பரப்பி, எண்ணெய் தெளித்து அமுக்கி விளையாடினார்கள். வெயிலைத் தாங்கிய புல் ஒன்றுதான். அதை அவர்கள் பெர்முடா புல் என்கிறார்கள். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அது நம்ம அருகம்புல்லேதான்! ஆனால் சாதாரண அருகு முரட்டுப் புல். கிரீனுக்கு வேண்டிய நயம் அதில் இல்லை.

இனி ஆளைச் சொல்கிறேன். அவர் பெயர் கிளென் பர்ட்டன். 1910-இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிறந்து, பண்ணையில் வளர்ந்தவர். படித்துப் பட்டம் பெற்று, 1936-இல் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரின் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். அது பருத்தியும் நிலக்கடலையும் விளையும் மணற்பாங்கான சீமை. மாட்டுக்கு நல்ல மேய்ச்சல் புல் கண்டுபிடிப்பது அவர் வேலை. அவர் கையில் எடுத்ததோ அருகம்புல்! பருத்திக்காரருக்கு அது எப்படி இருந்திருக்கும்? நம்ம ஊரில் ஒருத்தர் வந்து, "கோரைக் கிழங்கு சாகுபடி செய்யுங்கள்" என்று சொன்ன மாதிரிதான்.

அந்த ஊர்ப் பக்கம் ஒரு பழைய பருத்திக் கொல்லையில் 1929-இல் ஒரு செழிப்பான அருகுச் செடி அகப்பட்டிருந்தது. பர்ட்டன் அதையும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வகைகளையும் ஒட்டுச் சேர்த்தார். கிடைத்த செடிகள் சுமார் 5,000. அவற்றில் சலித்துச் சலித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 1943-இல் 'கோஸ்டல்' என்று பெயரிட்டு வெளியிட்டார். வறட்சியைத் தாங்கியது, வைக்கோலாகக் காய வைக்கவும் ஏற்றது. விதை அநேகமாகப் பிடிக்காததால், காற்றில் பறந்து அடுத்தவன் வயலைக் கெடுக்கும் பயமும் குறைவு. தென் மாநிலங்களில் பல லட்சம் ஏக்கரில் பரவியது. பகையாளியாக இருந்த புல் பண்ணைக்காரருக்குக் கூட்டாளி ஆனது.

கோல்ஃப் சங்கத்தார் இதைப் பார்த்தார்கள். 1946 முதல் பர்ட்டனின் புல் ஆராய்ச்சிக்கு உதவத் தொடங்கினார்கள். வட கரோலினா மாநிலம் சார்லட் நகரில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் நாலாவது கிரீனில் மெல்லிய அருகு ஒன்று இருந்தது. அதை ஆப்பிரிக்காவின் குட்டை அருகு இனத்தோடு சேர்த்தார். பிறந்த பிள்ளைக்கு டிஃப்கிரீன் என்று பெயர் வைத்து, 1956-இல் வெளியிட்டார். அடுத்து 1960-இல் டிஃப்வே வந்தது. டிஃப்கிரீன் நட்ட மைதானங்களில் திட்டுத்திட்டாகத் தானே மாறி முளைத்த ஒரு குட்டைப் புல்லைப் பிரித்தெடுத்து, 1965-இல் டிஃப்டுவார்ஃப் என்று வெளியிட்டார்கள்.

இந்தப் புல்லுக்கெல்லாம் விதையே கிடையாது. ஏன்? சாதாரண அருகில் மரபுத் தொகுதி நான்கு, ஆப்பிரிக்க இனத்தில் இரண்டு. பிள்ளைக்குப் பாதிப்பாதியாக மூன்று வந்துவிடுகிறது. ஒற்றைப்படையில் ஜோடி சேராது, விதையும் பிடிக்காது. கோவேறு கழுதை குட்டி போடாது அல்லவா, அந்த மாதிரி. நீங்கள் மாட்டுக்கு வளர்க்கிற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும் இதே சாதிதான். அதனால்தானே கரணை வெட்டி நடுகிறீர்கள்! அவர்களும் கொடியைத் துண்டு துண்டாக நறுக்கி ஈர மண்ணில் நடுகிறார்கள்.

புல் வந்துவிட்டது. அதைக் காப்பாற்ற வேண்டாமா? பட்டம் பார்த்துச் செய்கிறதில் அந்த மைதானக்காரர்கள் நம்மைவிடச் சளைத்தவர்கள் அல்ல. ஜார்ஜியா பக்கத்து முறையைக் கேளுங்கள்.

மார்ச், ஏப்ரலில் மண் சூடேறும்போது புல் துளிர்க்கும். அப்போது அவசரப்பட்டு உரம் கொட்டினால், பின்பனி ஒன்று விழுந்து துளிரைக் கருக்கிவிடும். அதனால் பொறுத்துத்தான் உரம் வைப்பார்கள். மே முதல் ஆகஸ்டு வரை அருகுக்குக் கொண்டாட்டம். கடினமான வேலை எல்லாம் அந்தக் காலத்தில்தான். ஆள் நடந்து நடந்து மண் இறுகிவிடும் இல்லையா? குழல் போன்ற ஆணிகள் உள்ள இயந்திரத்தை ஓட்டி, விரல் கனத்துக்கு மண்ணைத் துளைத்து எடுப்பார்கள். அந்தத் துளைகளில் மணலை வாரி நிரப்புவார்கள். வேருக்குக் காற்று போகும், தண்ணீர் இறங்கும். புல்லுக்கு அடியில் மெத்தை மாதிரி சேரும் சருகைச் செங்குத்தான கத்திகளால் கீறி எடுப்பார்கள். அப்புறம் லேசாக மணல் தூவி மட்டப்படுத்துவார்கள். பார்க்கிறவனுக்கு, புல்லைக் கொல்கிறார்களோ என்று தோன்றும். புல் வேகமாக வளரும் பருவம் ஆனதால் இரண்டொரு வாரத்தில் காயம் ஆறிவிடும். இதையே குளிர்காலத்தில் செய்தால் வசந்தம் வரை ஆறாது.

செப்டம்பரில் தழைச்சத்தைக் குறைத்துக்கொள்வார்கள். சாம்பல் சத்து போதுமா என்று மண்ணைச் சோதித்துப் பார்ப்பார்கள். வெட்டும் உயரத்தைக் கொஞ்சம் ஏற்றுவார்கள். குளிரைத் தாங்கப் புல் தன் வேரிலும் கொடியிலும் உணவைச் சேமிக்க வேண்டும் அல்லவா? உறைபனி விழுந்ததும் அருகு பழுப்பாகித் தூங்கப் போய்விடும். செத்துவிடவில்லை, தூக்கம்தான். ஆட்டக்காரர்களுக்கோ குளிர்காலத்திலும் பச்சை வேண்டும். அதற்காக, பனி வருவதற்குச் சில வாரம் முன்பே, அருகின் மேலேயே ரை என்ற குளிர்காலப் புல்லை விதைப்பார்கள். நாம் நெல் அறுவடைக்கு முன்பே உளுந்து தெளிக்கிறோமே, அதுபோல.

இதில்தான் சங்கடமும் இருக்கிறது. குளிர் போன பிறகும் ரை புல் இடத்தைக் காலி செய்யாது. வெளிச்சத்தையும் தண்ணீரையும் அதுவே எடுத்துக்கொள்ளும். விழித்தெழும் அருகு பட்டினி கிடக்கும். இரண்டு மாதப் பச்சைக்கு ஆசைப்பட்டு, நிலையான புல்லை இழந்தவர்கள் உண்டு. அதனால் வசந்தத்தில் ரை புல்லை ஒட்ட வெட்டி, வெயில் அருகின் மேல் படும்படி செய்வார்கள். ஊடுபயிர் போடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எதை எப்போது விதைப்பது என்பது பாதி வேலை. எப்போது விலக்குவது என்பது மீதி வேலை.

சரி, கம்புக்கு வருவோம். அதே டிஃப்டன் நிலையத்தில் பர்ட்டன் மாட்டுத் தீவனத்துக்காகக் கம்பையும் ஆராய்ந்தார். கம்பில் வீரிய ஒட்டு உண்டாக்குவது சுலபமல்ல. ஒரு கதிரில் ஆயிரக்கணக்கில் பூ. ஒவ்வொன்றிலும் மகரந்தப் பையைக் கிள்ளி எடுக்க யாரால் முடியும்? பர்ட்டன், மகரந்தம் வளமற்ற ஒரு கம்பு வரிசையைக் கண்டு வளர்த்தார். அதற்கு டிஃப்ட் 23ஏ என்று பெயர். அந்தக் கம்பை நட்டு, பக்கத்து வரிசையில் வேறு ஒரு நல்ல கம்பை நட்டால் போதும். காற்றே மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். ஆள் வேலை இல்லாமல் ஒட்டு விதை கிடைத்துவிடும்.

அந்தக் கம்பு இந்தியாவுக்கு வந்தது. பஞ்சாப் மாநிலம் லூதியானாவில் தில்பாக் சிங் அத்வால் அதை நம் நாட்டு வரிசையோடு சேர்த்து, 1965-இல் எச்.பி.1 என்ற வீரிய ஒட்டுக் கம்பைத் தந்தார். நாட்டின் கம்பு விளைச்சல் 1965-இல் ஏறத்தாழ 35 லட்சம் டன்; 1970-இல் ஏறத்தாழ 80 லட்சம் டன். 1965 வறட்சி ஆண்டு, பிறகு மழையும் கைகொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் புது விதையின் பங்கு பெரிது.

அப்புறம்தான் அடி விழுந்தது. எச்.பி.1-ஐத் தொடர்ந்து வந்த ஒட்டுகளுக்கும் தாய் அதே டிஃப்ட் 23ஏ. ஒரே தாயின் பிள்ளைகள் நாடு பூராவும் நின்றன. 1970-களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் வந்தது. கதிரில் மணி பிடிக்க வேண்டிய இடத்தில் பச்சை இலை முளைத்தது. பச்சைக்கதிர் நோய் என்று நம்மவர்கள் சொல்வது அதைத்தான். ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வந்தது. விளைச்சல் சரிந்தது. பிறகு ஐதராபாத் பக்கம் பட்டஞ்சேருவில் 1972-இல் தொடங்கிய பன்னாட்டு ஆராய்ச்சி நிலையமும் நம் நாட்டு விஞ்ஞானிகளும் பல நாட்டுக் கம்புகளைக் கலந்து, நோய் தாங்கும் வகைகளை உண்டாக்கினார்கள். 1982-இல் வந்த டபிள்யூ.சி.-சி 75 அவற்றில் ஒன்று.

பர்ட்டன் ஏறத்தாழ அறுபது ஆண்டு டிஃப்டனிலேயே வேலை செய்தார். அமெரிக்க அரசின் அறிவியல் பதக்கம் 1982-ஆம் ஆண்டுக்கு அவருக்குக் கிடைத்தது. 2005-இல், தம் 95-ஆவது வயதில் மறைந்தார்.

உழவர் பெருமக்களே, இந்தக் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. ஒன்று, களை என்று எதுவும் பிறப்பதில்லை. இடம் மாறி நின்றால் களை, இடம் பார்த்து நட்டால் பயிர். உங்கள் வாய்க்கால் கரையில் மண் சரிகிறதா? அருகை அங்கே விட்டுவையுங்கள். வயலுக்குள் வராமல் வரப்பைச் செதுக்கிக்கொள்ளுங்கள். இரண்டு, கைவைக்கும் வேலையைப் பயிர் வளரும் பருவத்தில் செய்யுங்கள், அது ஓய்வெடுக்கும்போது தொந்தரவு செய்யாதீர்கள். மூன்று, இதுதான் முக்கியம். எவ்வளவு நல்ல விதையானாலும் ஊர் முழுக்க ஒரே விதை வேண்டாம். புது ரகத்தை நம்பி நடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு மூலையில் பாட்டன் காலத்துக் கம்பும் ஒரு பாத்தி நிற்கட்டும். வேப்பிலை போட்டு ஒரு குதிரில் அந்த விதையும் இருக்கட்டும். நோய் வரும் வருஷத்தில் அதன் அருமை தெரியும்.